எழுத்துக் கூட்ட வருகிறது, புரியவில்லை: பெரியவர்களுக்கு வாசிக்கச் சொல்லித் தருவது எப்படி?

ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டுபோய் வகுப்பில் கொடுத்தேன். பூக்கட்டும் அக்கா ஒருவர், வயது 55 இருக்கும், விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முழுவதும் படித்தார். “குடும்ப அட்டைதாரர்கள் இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் தங்கள் கைரேகையைப் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எல்லோரும் கை தட்டினோம். “என்னக்கா சொல்லியிருக்கு இதுல?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீ படிக்கச் சொன்ன, படிச்சேன் தாயி. அதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஆறு மாதமாக எழுத்து, எழுத்து என்றே ஓட்டியிருந்தேன். பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றவர் என்றால் 7 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் என்று பொருள். ‘புரிந்து’ என்ற சொல் அந்த வரையறையிலேயே இருக்கிறது. ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் யாரையும் படித்துக் காட்டச் சொல்வதில்லை, வீட்டில் சொல்வதை எழுதிக்கொண்டு போகிறார். 2011-ல் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 80 சதவீதம், பெண்களில் சுமார் 73 சதவீதம். எங்கள் பூக்கார அக்கா இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

தன்னார்வலராக முதல்முறை பெரியவர்களுக்குச் சொல்லித் தரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்து அறிமுகப்படுத்துவதற்குப் பாடப்புத்தகம் கிடைக்கும், பயிற்சியும் கொடுப்பார்கள். எழுத்திலிருந்து அர்த்தத்துக்குப் போகிற வழியைத்தான் நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கே அறுந்துபோகிறது?

வாசிப்பு ஆராய்ச்சியில் காஃப், டன்மர் என்ற இருவர் 1986-ல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்புப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியம்.

பெரியவர்களுக்கு மொழி உண்டு. 40, 50 வருடம் பேசி, பேரம் பேசி, பஞ்சாயத்தில் வாதாடி வந்தவர்கள். எழுத்து மட்டும் வந்துவிட்டால் போதாதா என்று நானும் நினைத்தேன். தமிழில் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் பேசுகிற தமிழ் வேறு, தாளில் இருக்கிற தமிழ் வேறு. ‘பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று பூக்கார அக்கா தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் பேச்சில் அது “கார்டு வச்சிருக்கவங்க எல்லாம் 25-ந் தேதிக்குள்ள வந்து கைரேகை வச்சிட்டுப் போங்க.” அவ்வளவுதான். இந்த இரண்டும் ஒன்று என்று யாராவது அவருக்குக் காட்ட வேண்டும்.

இன்னொரு இடம் வேகம். எழுத்தெழுத்தாகக் கூட்டினால் வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதி மறந்துபோகும். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது, ‘இல்லை’யும் ‘கூடாது’ம் அதற்கும் பின்னால். களைத்துப்போய்ச் சேருகிற இடத்தில்தான் உயிரான சொல் உட்கார்ந்திருக்கிறது.

வகுப்பு தொடங்கும் முன்

முதலில் கண். 40 வயதுக்கு மேல் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குவது எல்லோருக்கும் வருவதுதான். “மண்டைல ஏற மாட்டேங்குது” என்று சொல்லி நின்றுபோகிற பலருக்கு உண்மையில் எழுத்தே தெரிவதில்லை. அதை வெளியே சொல்லவும் கூச்சம். ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டால் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கண் காட்டுங்கள். அதுவரை ஸ்கெட்ச் பேனாவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு எழுதுங்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் வகுப்பு வைக்காதீர்கள்.

நேரத்தை அவர்கள் சொல்லட்டும். எங்கள் பக்கம் பெண்களுக்கு ராத்திரி சோறு வடித்த பிறகு 7.30 மணிக்கு மேல்தான் கை ஓயும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கூப்பிடுவது அக்கா, அம்மா, ஐயா, ‘நீங்க’. அவர்கள் உங்களை வா போ என்று பேசினால் அது பிரியம், சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தைகளின் படப்புத்தகத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பேரன் படிக்கிற ‘அணில், ஆடு’ புத்தகத்தைப் பிரித்து வைத்தால், பேரன் முன்னால் உட்கார வைத்த மாதிரி அவர்களுக்கு வலிக்கும்.

யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க நான் மூன்று அட்டைகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பக்கத்து ஊர்ப் பெயர்கள், பஸ் போர்டில் எழுதுவதைப் போல. இரண்டாவதில் ‘இன்று கடை விடுமுறை’ என்ற மாதிரி ஒரு வரி. மூன்றாவதில் நாலு வரிச் சேதி. ‘சோதனை’, ‘டெஸ்ட்’ என்ற பேச்சே எடுக்காமல், தண்ணி குடித்துக்கொண்டு தனித்தனியாகப் பேசும்போது காட்டுவேன். ஊர்ப் பெயரைச் சிலர் சட்டென்று சொல்வார்கள். அது எழுத்தைப் படித்ததா, பல வருடம் பார்த்த வடிவத்தை அடையாளம் கண்டதா என்று தெரிய, பார்த்திராத ஊர் ஒன்றையும் கலந்து வையுங்கள்.

எழுத்து பற்றிக் கொஞ்சம்

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் வாக்கியம் என்று காத்திருக்க வேண்டாம். பத்துப் பதினைந்து எழுத்து வந்ததுமே அர்த்தமுள்ள வரி படிக்கலாம். ‘படம்’, ‘பட்டா’, ‘பாட்டி படம் பாடம்’ என்று வரிசையாகப் படிப்பதைவிட ‘பாட்டா பட்டா?’ என்று ஒரு கேள்வியைப் படித்துச் சிரிப்பது நல்லது.

ந, ன, ண குழப்பமும் ர, ற குழப்பமும் இருந்தால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். வாசித்துப் புரிவதற்கு அது பெரிய தடை இல்லை. குறில் நெடில் அப்படி இல்லை. ‘கொடி’க்கும் ‘கோடி’க்கும், ‘பெட்டி’க்கும் ‘பேட்டி’க்கும், ‘எடு’வுக்கும் ‘ஏடு’வுக்கும் ஒரு சுழியோ கோடோதான் வித்தியாசம். இதற்கு நேரம் கொடுங்கள். கெ, கே, கை, கொ போன்றவற்றில் கொம்பும் சங்கிலியும் எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பதும் புதியவர்களைத் தடுமாற வைக்கும். ஒலியில் பின்னால் வருவது தாளில் முன்னால் இருக்கிறதே என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. “ஆமாக்கா, இது மட்டும் முந்திக்கிட்டு வந்து நிக்கும், அடுத்த எழுத்தையும் பாத்துட்டுச் சேத்துச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

அவர் சொன்னது அவருக்கே பாடம்

இனி வருவதுதான் முக்கியமான படி. பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். ஒருவரிடம் ஒரு விஷயம் கேளுங்கள். சின்ன வயசுல ஏன் பள்ளிக்கூடம் போகல? இந்த வருஷம் மல்லிப்பூ வெலை எப்படி? அவர் சொல்லச் சொல்ல, அவர் வாயிலிருந்து வந்தபடியே சார்ட் தாளில் எழுதுங்கள். ஒரு சொல்லைக்கூட இலக்கணத்துக்குத் திருப்பக் கூடாது. எங்கள் வகுப்பில் ஒருமுறை இப்படி வந்தது:

எங்கப்பா என்னைய பள்ளிக்கூடம் அனுப்பல.
தம்பிய இடுப்புல வச்சிட்டே இருந்தேன்.
அவன் ஸ்கூலுக்குப் போனான்.
நான் மாட்ட ஓட்டிட்டுப் போனேன்.

நாலே வரி. நீங்கள் ஒருமுறை விரலை ஓட்டிப் படியுங்கள். அடுத்து எல்லோரும் சேர்ந்து. அப்புறம் சொன்னவரே தனியாக. அர்த்தம் அவருக்கு முன்பே தெரியும், அது அவர் வாழ்க்கை. அதனால் எழுத்து தட்டுப்படும் இடத்தில் மனம் தானாகக் கை கொடுக்கும். தன் பேச்சு தாளில் நிற்பதைப் பார்க்கிற முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும், நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று.

இரண்டு நாள் கழித்து அதே தாளின் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டுங்கள்:

என் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.
நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே இருந்தேன்.
அவன் பள்ளிக்குச் சென்றான்.
நான் மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன்.

“முதல் தாள் நீங்க பேசினது. இதையே பேப்பர்ல போட்டா இப்படிப் போடுவாங்க” என்று சொல்லிக் கோடு இழுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அனுப்பல, அனுப்பவில்லை. வச்சிட்டே, வைத்துக்கொண்டே. ஓட்டிட்டு, ஓட்டிக்கொண்டு. போனான், சென்றான். பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்தால், ‘-ட்டு’ என்றால் தாளில் ‘-க்கொண்டு’, ‘-ல’ என்றால் ‘-வில்லை’ என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். நீங்கள் விதி சொல்லவே வேண்டியதில்லை. நம்முடைய பேச்சு கொச்சை, தாளில் இருப்பதுதான் சரி என்ற எண்ணம் மட்டும் வந்துவிடக் கூடாது. பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. இரண்டும் நம்முடையதே.

வாழ்க்கையிலிருந்து சொல்லை எடுப்பது பழைய, தேர்ந்த வழி. பிரேசிலின் ஆங்கிகோஸ் என்ற ஊரில் 1963-ல் பாவ்லோ பிரேய்ரே என்ற கல்வியாளர் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்டது ‘செங்கல்’ போல அந்த மக்கள் தினம் தொட்டுப் புழங்கும் சொற்களை. சொல்லைப் படிக்கும் முன் அதைப் பற்றிப் பேசினார்கள். செங்கல் அறுப்பது யார், அந்த வீட்டில் குடியிருப்பது யார்? நம் ஊரில் கூலி, பட்டா, வட்டி, தண்ணி என்று எதை வைத்தாலும் ஒரு மணி நேரப் பேச்சு உண்டு. அந்தப் பேச்சை வெட்டாதீர்கள். பேசி முடித்தவர்களுக்குப் படிக்கும்போது பாதி அர்த்தம் கையில் இருக்கும்.

வாலைப் பிடிப்பது

இதை விளையாட்டாகவே செய்யலாம். பலகையில் எழுதுங்கள்:

இந்தக் கிணற்றில் குளிக்கலாம்.
இந்தக் கிணற்றில் குளிக்கக் கூடாது.
இந்தக் கிணற்றில் குளித்தார்கள்.
இந்தக் கிணற்றில் குளிக்கவில்லை.
இந்தக் கிணற்றில் குளித்தால் அபராதம்.

‘குளி’க்குப் பிறகு வருவதை மட்டும் கையால் மறைத்துவிட்டு, “குளிக்கலாமா, கூடாதா?” என்று கேளுங்கள். யாராலும் சொல்ல முடியாது. கையை எடுத்ததும் சிரிப்பு வரும். “பாத்தீங்களா, சேதி வால்லதான் இருக்கு. வாலைப் பாத்துட்டு மறுபடி தலைக்கு வாங்க.” எங்கள் வகுப்பில் ‘வாலைப் பாரு’ என்பது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. யாராவது தடுமாறினால் பக்கத்தில் இருப்பவரே சொல்லிவிடுவார். சுவரில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று இருப்பதை ‘கழி’ வரை படித்துவிட்டு நிற்கிறவர் ‘காதீர்’ வரை போகப் பழக வேண்டும்.

வேகத்துக்கு ஒரே மருந்து, அதே பகுதியைத் திரும்பப் படிப்பது. புதிய பாடம், புதிய பாடம் என்று ஓடாதீர்கள். ஒரு நாலு வரியை மூன்று நாள் படிக்கலாம். முதல் நாள் எழுத்து, இரண்டாம் நாள் சொல், மூன்றாம் நாள் பேசுகிற மாதிரி. மூன்றாம் நாள்தான் அர்த்தம் காதில் விழும். நீண்ட சொற்களைப் பென்சிலால் வெட்டிக் கொடுங்கள்: பதிவு / செய்து / கொள்ளுமாறு. கேட்டுக் / கொள்ளப் / படுகிறார்கள்.

சின்ன ஒட்டுகளும் கவனிக்க வேண்டியவை. 10-ஆம் தேதி முதல், 10-ஆம் தேதி வரை, 10-ஆம் தேதிக்குள், 10-ஆம் தேதிக்குப் பிறகு. எண் ஒன்றுதான், நாள் வேறு. மாதக் காலண்டரைத் தரையில் விரித்து ஒரு கை புளியங்கொட்டை கொடுங்கள். “பத்தாம் தேதிக்குள்ளன்னா எந்தக் கட்டத்துல எல்லாம் வைப்பீங்க?” என்று கேளுங்கள். முதல்முறை செய்தபோது பாதிப்பேர் 10-லிருந்து மாதக் கடைசி வரைக்கும் கொட்டையை வைத்துக்கொண்டே போனார்கள். ஏன் ரேஷன் போய்விட்டது, ஏன் கட்டணம் கட்டத் தவறியது என்று அன்றைக்கு நிறையப் பழைய கதை வெளியே வந்தது. ‘செல்வியிடம் 500 கொடுத்தாள்’, ‘செல்வியிடமிருந்து 500 வாங்கினாள்’ என்பதையும் இப்படியே நிஜ நோட்டை வைத்து நடித்துக் காட்டலாம். சுயஉதவிக் குழுக் கணக்கு நோட்டு படிக்கிறவர்களுக்கு இது உடனே உதவும்.

கேள்வி கேட்கும் விதம்

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கு மரியாதை, அவர்களுக்குக் கூச்சம். “இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் தன் பேச்சில் சொல்லிவிட்டால் புரிந்திருக்கிறது, தாளில் இருந்த சொற்களையே ஒப்பித்தால் இன்னும் இல்லை.

நான் பயன்படுத்தும் ஒரு பகுதி:

மாரியக்கா காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனார். மதியம் மேற்கே மேகம் கறுத்தது. அவர் வீடு திரும்பும்போது சேலை சொட்டச் சொட்ட வந்தார். தோளில் ஒரு குட்டியைத் தூக்கி வந்தார்.

மாரியக்கா எங்கே போனார் என்பது தாளிலேயே இருக்கிறது, விரல் வைத்துக் காட்டலாம். மழை பெய்ததா? தாளில் மழை என்ற சொல்லே இல்லை. மேகத்தையும் சேலையையும் சேர்த்தால்தான் மழை வரும். “மழைன்னு எங்க இருக்கு, காட்டுங்க” என்று கேட்டு, அவர்கள் தேடி, இல்லை என்று கண்டு, அப்புறம் எப்படித் தெரிந்தது என்று யோசிக்க விடுங்கள். அந்த யோசனைக்குப் பெயர்தான் புரிதல். அவசரப்பட்டு நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள். ஒரு நிமிடம் மௌனமாக இருப்பது சிரமம்தான், இருங்கள்.

குட்டியை ஏன் தூக்கி வந்தார்? இங்கே ஆடு வளர்த்தவர்கள் உங்களுக்கே பாடம் எடுப்பார்கள். “அன்னைக்குப் போட்ட குட்டியா இருக்கும், நடக்காது.” “இல்ல, முள்ளு ஏறியிருக்கும்.” “ஓடைல தண்ணி வந்திருக்கும், குட்டி தாண்டாது.” எல்லாமே பொருந்துகிற பதில். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இவ்வளவு வராது. ஆனால் இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. அனுபவம் அதிகமுள்ளவர் இரண்டு சொல்லைப் படித்துவிட்டு மீதியை ஊகித்துவிடுவார். கதைக்கு அது பரவாயில்லை, கடன் பத்திரத்துக்கு ஆகாது. “இது தாள்ல இருக்கா, உங்க மனசுல இருக்கா?” என்று ஒவ்வொரு பதிலுக்கும் கேட்டுப் பழக்குங்கள்.

நிஜத் தாள்கள்

மூன்றாம் மாதத்திலிருந்து அவர்கள் வீட்டில் இருக்கும் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கரண்ட் அட்டை, தினக் காலண்டர் தாள். காலண்டர் தாள் ரொம்ப நல்லது. திங்கள்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்று அவர்களுக்கு மனப்பாடம். தெரிந்த விஷயத்தைத் தாளில் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய தெம்பு.

அரசாங்கத் தமிழை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ‘வழங்கப்படும்’, ‘ரத்து செய்யப்படும்’, ‘தவறும் பட்சத்தில்’, ‘மேற்படி’. ‘வழங்கப்படும்’ என்றால் யார் தருவார்கள்? அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. எந்த அறிவிப்பானாலும் நாலு கேள்வி: யாருக்கு, என்ன செய்யணும், எப்பக்குள்ள, செய்யலைன்னா என்ன ஆகும்? இந்த நாலையும் நாலு நிறத்தில் கோடிடச் சொல்வேன். மற்ற சொற்கள் புரியாவிட்டாலும் பாதகமில்லை.

மாத்திரை அட்டையில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. அதைப் படிக்க வைக்கிறேன் என்று இறங்காதீர்கள். காலாவதித் தேதிக்கு முன்னால் வரும் EXP என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தை ஒரு படம் மாதிரி அடையாளம் காட்டிக் கொடுங்கள். மாத்திரைக் கவரின் மேல் ‘காலை 1, ராத்திரி 1, சாப்பிட்ட பிறகு’ என்று அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள்.

கடன் தாள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணின் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். ‘சாட்சி’ என்று சொல்லி வாங்கினார்களாம். தாளில் இருந்தது ‘ஜாமீன்தாரர்’. கையெழுத்துப் போடத் தெரிந்ததே அவருக்கு வினையாகிவிட்டது. அதிலிருந்து எங்கள் வகுப்பில் சாட்சி, ஜாமீன், அசல், வட்டி, தவணை, அபராத வட்டி என்ற ஆறு சொல்லையும் எல்லோரும் படிக்கிறார்கள், பேசுகிறார்கள். கூடவே ஒரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறோம்: “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.” கூச்சப்படாமல் அதைச் சொல்ல வரும் வரை ஒருவருக்கொருவர் அதிகாரி மாதிரி நடித்துப் பாருங்கள்.

தேர்வும் அதற்குப் பிறகும்

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-ல் தொடங்கி 2027 வரைக்கும் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. முடிவில் ஒரு தேர்வு இருக்கிறது, வாசிப்புக்கு 50, எழுதுவதற்கு 50, எண்ணுக்கு 50, மொத்தம் 150 மதிப்பெண். தேர்வு என்றதும் பலருக்கு வயிறு கலங்கும். முந்தைய வாரமே அந்த மாதிரித் தாளில், அந்த மாதிரிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிப் பழக்கிவிட்டால் பயம் பாதி போகும். வாசிப்புப் பகுதியில் கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகச் சொல்லுங்கள்.

தேர்வோடு விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் எல்லாம் போய்விடும். 1991-ல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் பெரிய அலையாக எழுந்தது. பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். சைக்கிள் தினமும் வேலைக்கு ஆனது, அதனால் மறக்கவில்லை. அறிவொளியில் படித்த அம்மாக்கள் சிலர் இப்போது என் வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்க எதுவும் கைக்கு வராததால் எழுத்து போய்விட்டது என்கிறார்கள்.

அதனால் வாரத்துக்கு ஒரு நாளாவது கூடுங்கள். டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பது ஆண்களுக்கு எப்போதும் உண்டு. பெண்களுக்கு அந்த பெஞ்ச் இல்லை. ஒரு தினத்தந்தி வாங்கிக்கொண்டு போங்கள். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் அதைத் தொடங்கியதே சாதாரண ஜனங்கள் படிக்க வேண்டும் என்றுதான். தலைப்பை மட்டும் படித்துவிட்டு உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் செய்தியைப் படித்துச் சரிபார்க்கலாம்.

பாட்டும் உதவும். 1999-ல் பிரிஜ் கோத்தாரி என்ற ஆய்வாளரின் முயற்சியில் குஜராத் தூர்தர்ஷனில் சினிமாப் பாட்டுகளுக்குக் கீழே அதே மொழியில் பாட்டு வரிகளை ஓட விட்டார்கள். வாயில் பாட்டு ஓட ஓடக் கண் எழுத்தைத் தொடரும். உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பழைய பாட்டின் வரியைப் பலகையில் எழுதி, பாடிக்கொண்டே விரலை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் நடுவில் ஒரு சொல்லை அழித்துவிட்டு எது போச்சு என்று கேளுங்கள்.

பூக்கார அக்கா இப்போது தினத்தந்தியில் வருகிற பூ விலைப் பட்டியலை முதலில் தேடுகிறார். போன வாரம் அதைப் படித்துவிட்டு, “மல்லி கிலோ இவ்வளவுன்னு போட்டிருக்கான், மார்க்கெட்ல எனக்குக் கொடுத்தது இதுல பாதிதான்” என்றார். அந்தப் பட்டியலைக் கிழித்து மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போனார், மறுநாள் வியாபாரியிடம் கேட்பதற்கு.